சுவரில் கறுப்புப் புள்ளி: துடைக்க வேண்டியது பூஞ்சையை, நிறுத்த வேண்டியது தண்ணியை!

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ரெண்டு வாரம் ஆனதும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பல வீடுகளில் ஒரே காட்சிதான். மொட்டை மாடியில் மெத்தை காயும். பீரோவைத் தள்ளி வைத்துவிட்டு யாரோ ஒருவர் சுவரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பீரோவுக்குப் பின்னால், ஜன்னலுக்கு மேல், பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் கறுப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் அந்த மக்கிய வாடை.

தேய்க்கும் அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். "வீட்டைச் சுத்தமா வெச்சிருந்தா இதெல்லாம் வருமா?" என்ற பேச்சும் அவருக்குத்தான் விழும். வாடகை வீடாக இருந்தால் ஹவுஸ் ஓனரும் அதையே சொல்வார்: "நீங்க ஜன்னலைத் திறக்கிறதே இல்ல, துணியை உள்ளயே காயப் போடுறீங்க."

இந்தப் பேச்சைத்தான் முதலில் நிறுத்தணும். வீட்டுச் சுவரில் பூசணம் பிடிப்பது சுத்தம் சம்பந்தப்பட்ட பிரச்சினையே இல்லை. அது தண்ணீர்ப் பிரச்சினை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எத்தனை தடவை தேய்த்தாலும், எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும், அடுத்த மழைக்கு அது அதே இடத்தில் வந்து உட்காரும்.

பூஞ்சையா, உப்பா, வெறும் அழுக்கா?

பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அதை யாராலும் ஒழிக்க முடியாது. அவை முளைக்கத் தேவை ஈரமும் கொஞ்சம் தீனியும். மரம், அட்டை, துணி, பெயின்ட், சுவரில் படிந்த தூசி என எதுவும் தீனிதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவில்லை என்றால் பூஞ்சை முளைக்கத் தொடங்கிவிடும். மழைத் தண்ணீர் ரெண்டு நாள் வீட்டுக்குள் நிற்பது நமக்கு வருஷா வருஷம் நடக்கிற விஷயம் என்பதால் இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடலோர வீடுகளில் சுவரில் தெரிவதெல்லாம் பூஞ்சை இல்லை. பிரித்துப் பார்க்க சில எளிய வழிகள் உண்டு.

வெள்ளையாக, பொரிப்பொரியாகப் பூத்திருக்கிறதா? விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்து, தண்ணீர் தெளித்தால் கரைந்து போனால் அது உப்பு. நம்ம ஊரில் 'உப்பு பூத்திருக்கு' என்பார்கள். உப்பு நோய் தராது. ஆனால் சுவருக்குள் தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கறுப்பு, பச்சை அல்லது சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படர்கிறதா? தொட்டால் விரலில் ஈஷிக்கொள்கிறதா? வாடை வருகிறதா? பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு சொட்டு திரவ பிளீச் வைத்துப் பாருங்கள். ஓரிரு நிமிஷத்தில் வெளுத்தால் பூஞ்சை, கறுப்பாகவே நின்றால் அழுக்கோ புகைக்கரியோ.

எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு கறுப்பும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போனது. வழியில் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. வெள்ளம் நின்ற உயரத்துக்குச் சுவரில் பிசுபிசுப்பான கறுப்புக் கோடு விழுந்தது. அது எண்ணெய்க்கறை, பிளீச்சுக்கு அசையாது. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே சுவர் எவ்வளவு தண்ணீரைக் குடித்தது என்பதையும் அதே கோடு சொல்லிவிடும்.

'கறுப்புப் பூஞ்சை'ன்னா கொரோனா நேரத்துல வந்ததா?

இல்லை. 2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது 'கருப்புப் பூஞ்சை' என்று பேசப்பட்டது மியூகோர்மைகோசிஸ் என்ற நோய். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களை அது தாக்கியது. சுவரில் கறுப்பாக ஏதோ தெரிகிறது என்பதாலேயே அந்த நோய் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம்.

இன்னொரு பக்கம், "இது கறுப்பு இல்ல, பச்சைதான், ஒண்ணும் பண்ணாது" என்று விட்டுவிடவும் கூடாது. நிறத்தை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. எந்த வகை என்று லேபில் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் பொதுவாக இல்லை. எந்த நிறமாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: அகற்று, காய வை, தண்ணீரை நிறுத்து.

உடம்புக்கு என்ன பண்ணும்?

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஈரமான, பூஞ்சை பிடித்த வீடுகளில் வாழ்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா, சுவாசத் தொற்று ஆகியவை அதிகம் என்பதற்குப் போதுமான ஆதாரம் இருப்பதாக அது சொல்கிறது. இவ்வளவு பூஞ்சை வரை பரவாயில்லை என்று ஓர் அளவை அது வகுக்கவில்லை. ஈரத்தைத் தடுப்பதே வழி என்கிறது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி பாதிக்காது. ஒரே அறையில் படுக்கும் நாலு பேரில் ஒருவருக்கு மட்டும் காலையில் தும்மல் நிற்காது. குழந்தைகள், வயதானவர்கள், ஏற்கெனவே ஆஸ்துமா இருப்பவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்கணும். வீட்டில் இருக்கும்போது இருமலும் இளைப்பும், ஊருக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்றால் அது முக்கியமான குறிப்பு. டாக்டரைப் பார்க்கும்போது "வீட்டுச் சுவர் ஈரமா இருக்கு, பூசணம் இருக்கு" என்று நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். அவர் உங்கள் சுவரைப் பார்க்கப் போவதில்லை.

தண்ணி எங்கிருந்து வருது?

புள்ளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

தரையிலிருந்து ரெண்டு மூணு அடி வரைக்கும் சுவர் கறுத்து, பூச்சு உப்பி உதிர்கிறது என்றால் அது ஓதம். அடித்தளத்திலிருந்து சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. வடசென்னையில் இதற்கு ஒரு சிறப்புக் காரணம் உண்டு. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டு வாசல் ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒரு காலத்தில் படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது படி இறங்கி நுழைகிறோம். தெருத் தண்ணீர் எங்கே போகும்? பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு அறிவுறுத்தினார். அதற்கு முன்பே பள்ளத்தில் போன வீடுகள் பள்ளத்தில்தான் இருக்கின்றன.

உப்பு இன்னொரு காரணம். கடல் காற்றும் உப்பேறிய நிலத்தடி நீரும் சுவருக்குள் உப்பைக் கொண்டு சேர்க்கின்றன. வீடு கட்டும்போதே உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம். உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அதனால்தான் மழையே இல்லாத நாளிலும் சில சுவர்கள் வியர்க்கின்றன.

கூரை ஓரத்திலோ சீலிங்கிலோ வட்டமாகக் கறை இருந்தால் மொட்டை மாடியைப் பாருங்கள். தளத்தில் விரிசல், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய், கசியும் சின்டெக்ஸ் டேங்க். பாத்ரூமை ஒட்டிய சுவர் என்றால் பைப்போ டைல்ஸ் இடுக்கோ. மழைக்காலம் போனாலும் போகாத ஈரம் பெரும்பாலும் பைப் ஈரம்தான்.

பீரோவுக்குப் பின்னால் மட்டும், அலமாரிக்குள் மட்டும் என்றால் காற்றோட்டம் இல்லாததுதான் காரணமாக இருக்கலாம். சமையல் ஆவி, குளித்த ஈரம், உள்ளே காயும் துணி என எல்லா ஈரமும் அசையாத மூலையில் போய்ப் படியும். ஏசியை ரொம்பக் குளிராக வைத்தால், குளிர்ந்த சுவரில் வெளிக்காற்றின் ஈரம் பட்டு நீராகப் படிவதும் உண்டு.

சந்தேகமாக இருந்தால் ஒரு அடிக்கு ஒரு அடி பாலிதீன் ஷீட்டைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவிட்டு ரெண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டுக்குப் பின்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்பக்கம் என்றால் அறைக் காற்றிலிருந்து. இந்தச் சோதனைக்கு அதிக செலவில்லை, ஆனால் ஓனரிடம் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரம். போட்டோ எடுத்து வையுங்கள்.

சரி, இந்த வார இறுதியில் என்ன செய்யலாம்?

மூணு அடிக்கு மூணு அடி அளவுக்குள் இருந்தால் நீங்களே செய்யலாம். அதற்கு மேல் படர்ந்திருந்தாலோ, பூச்சே பெயர்ந்து வந்தாலோ ஆள் வைத்துச் செய்யுங்கள்.

முதலில் என்-95 மாஸ்க், ரப்பர் கிளவுஸ், முடிந்தால் கண்ணாடி. குழந்தைகளையும் இளைப்பு இருப்பவர்களையும் அந்த அறையிலிருந்து அனுப்பிவிடுங்கள். காய்ந்த பூஞ்சையை விளக்குமாறால் தட்டக் கூடாது. வித்து வீடு முழுக்கப் பறக்கும். சுவரை நனைத்துவிட்டு, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, துடைத்து, ஃபேன் போட்டு முழுசாகக் காய விடுங்கள். பெரும்பாலான வீட்டு வேலைக்கு இதுவே போதும். திரவ பிளீச் போட்டே ஆக வேண்டும் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப்புக்கு மேல் வேண்டாம்.

இதை மட்டும் கொட்டை எழுத்தில் படிக்கவும்: பிளீச்சையும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். பிளீச்சோடு அமோனியா கலந்த கிளீனரையும் சேர்க்காதீர்கள். முன்னதில் குளோரின் வாயு வரும், பின்னதிலும் விஷ வாயு வரும். சின்ன பாத்ரூமுக்குள் அது உயிருக்கே ஆபத்து. 'ரெண்டும் போட்டா நல்லா வெளுக்கும்' என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பூஞ்சை பிடித்த தலையணை, பஞ்சு மெத்தை, அட்டைப் பெட்டி ஆகியவற்றைத் தூக்கிப் போடுவதே நல்லது. வெயிலில் காய வைத்தால் வாடை போகும், உள்ளே இறங்கியது போகாது. துணிகளைச் சோப்புப் போட்டுத் துவைத்து நல்ல வெயிலில் உலர்த்தலாம். பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. ஈரம் காயாமல் பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பது. 'டேம்ப் ப்ரூஃப்' என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் சரி. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் உள்பக்கம் மட்டும் பூசினால், ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு ஒரு நாள் பெயின்ட்டையே உரித்துக்கொண்டு வெளியே வரும். ராயபுரத்தின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளுக்கு இது இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன் மேல் சிமென்ட்டும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் பூசினால் விடுகிற வழி அடைபட்டுப் போகும். வரிசை இதுதான்: கசிவை நிறுத்து, காய விடு, கெட்ட பூச்சைக் கொத்தி எடுத்துப் புதுசாகப் பூசு, அதுவும் காய்ந்த பிறகு பட்டி, பெயின்ட். நனைந்த சுவர் காய வாரக்கணக்கில் ஆகும். பொங்கலுக்குள் முடிக்கணும் என்ற அவசரத்தில்தான் பாதிப் பணம் வீணாகிறது.

'ஜன்னலைத் திறந்து வைங்க' என்று சொல்பவர்களுக்கு

பூஞ்சையைப் பற்றிய எல்லா அறிவுரையும் இந்த வரியில்தான் முடியும். வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும், காற்று ஓடட்டும் என்பார்கள். மழைக்காலச் சென்னையில் வெளிக்காற்றின் ஈரப்பதமே அதைத் தாண்டித்தான் இருக்கும். அதாவது சில நாட்களில் ஜன்னலைத் திறந்தால் ஈரம் உள்ளேதான் வரும். வெயில் அடிக்கும் மதிய நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ராத்திரி மூடுவது ஓரளவுக்கு உதவும். சமைக்கும்போதும் குளித்த பிறகும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும்.

ஆனால் வடசென்னையில் ஜன்னலைத் திறப்பது அவ்வளவு சுலபமான விஷயமா? அனல்மின் நிலையங்களின் சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, மணலிப் பக்கமிருந்து வரும் வாடை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். வெளிக்காற்றுக்குப் பயந்து ஜன்னலை மூடினால் உள்ளே பூஞ்சை, பூஞ்சைக்குப் பயந்து திறந்தால் வெளியே புகை. இந்த ரெண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிவிட்டு, "உங்க பழக்கம் சரியில்ல" என்று சொல்வது என்ன நியாயம்?

வாடகை வீட்டில் யார் செலவு?

தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. கட்டமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, தேவைப்படும்போது பைப் மாற்றுவது எல்லாம் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. குழாய் வாஷர் மாற்றுவது, கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்வது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. உரிமையாளர் தன் வேலையைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவரே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாத வாடகையில் பாதிக்கு மேல் கழிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நடைமுறையில் இது எவ்வளவு கஷ்டம் என்பது வாடகை வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது. பேசினால் "பிடிக்கலன்னா காலி பண்ணிக்கோங்க" என்பார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தமே இல்லாத வீடுகள் எத்தனையோ. அதனால் இப்போதே செய்யக்கூடியது: குடிபோகும் நாளிலேயே எல்லாச் சுவர்களையும் வீடியோ எடுங்கள். கசிவு தெரிந்த அன்றே வாட்ஸ்அப்பில் போட்டோவோடு ஓனருக்கு அனுப்புங்கள். வாய்வார்த்தை நிற்காது, தேதியோடு இருக்கும் மெசேஜ் நிற்கும். புது வீடு பார்க்கப் போகும்போது புதுசாக அடித்த ஒரே ஒரு சுவரைக் கண்டால், ஏன் அது மட்டும் என்று கேளுங்கள்.

சட்டம் யாரை விட்டுவிட்டது?

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற ரெண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். சமூக வீட்டு வசதி அமைப்பின் வாடகைக் குடியிருப்பு அது. சுவரெல்லாம் பூஞ்சை. அவன் பிறப்பதற்கு முன்பே, 2017-லேயே அப்பா புகார் சொல்லியிருந்தார். பெயின்ட் அடித்துக்கொள்ளும்படி பதில் வந்தது. குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்றும் பேசப்பட்டது. நீண்ட நாள் பூஞ்சையோடு வாழ்ந்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதன் பிறகு அவன் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. 2025 அக்டோபர் 27 முதல், இங்கிலாந்தின் சமூகக் குடியிருப்புகளில் பெரிய ஆபத்து தரும் ஈரம், பூஞ்சை பற்றிய புகாரை 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும். அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை.

கவனியுங்கள், அங்கே கெடு முதலில் யாருக்கு வைக்கப்பட்டது? ஏழைகளுக்கு வீடு கொடுக்கும் அமைப்புகளுக்கு. நம்ம ஊரில் நேரெதிர். அரசு, உள்ளாட்சி, சட்டபூர்வ வாரியங்களுக்குச் சொந்தமான குடியிருப்புகளுக்கு நம் வாடகைச் சட்டம் பொருந்தாது. அதாவது 1970-ல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியிருக்கும் அமைப்பின் வீடுகளில் இருப்பவர்கள், ஈரச் சுவரைக் காட்டி அந்தச் சட்டத்தின் கீழ் எதுவும் கேட்க முடியாது.

இது வெறும் தும்மல் விவகாரமும் இல்லை. சுவருக்குள் இறங்கும் தண்ணீர் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி உப்பிக் கான்கிரீட்டைப் பிளக்கும். 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு மக்கள் முன்கூட்டியே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. ஒரு கட்டடம் ஒரே நாளில் இடிவதில்லை. அது ஓதம், உப்பு, உதிரும் பூச்சு, பூஞ்சை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

கேட்பது பெரிய விஷயமும் இல்லை. வாரியக் குடியிருப்புகளில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஈரச் சுவர்க் கணக்கெடுப்பு. புகாருக்கு ஒரு எண், பதிலுக்கு ஒரு கெடு. ரோட்டை உயர்த்திய இடங்களில் பள்ளத்தில் போன வீடுகளுக்குத் தண்ணீர் வடிய வழி. தனியார் வாடகை வீடுகளுக்கும் 'எத்தனை நாளுக்குள்' என்ற தெளிவான வரி. தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவர்களை அடுத்த முறை வாசலிலேயே நிறுத்த வேண்டாம். உள்ளே கூப்பிட்டு, பீரோவைத் தள்ளிக் காட்டுங்கள்.